சதுரகிரி ஓடைப் பாதை: டீச்சரிடம் கேளுங்கள்

விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பு பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, அரசுப் பள்ளியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். சென்ற இதழில் அடிவாரத் தாணிப்பாறையிலிருந்து சதுரகிரி மலைமேல் இருக்கும் சிவன் கோவிலுக்கு ஓடையை ஒட்டி ஏறும் பாதையைப் பற்றி இரண்டு பத்தி எழுதினேன். அதைப் படித்துவிட்டு நிறைய பேர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன்.

வணக்கம் டீச்சர். நானும் என் அலுவலகத் தோழிகளும் முதல் தடவையாகச் சதுரகிரி போகிறோம். பாதை எப்படி இருக்கும்? எவ்வளவு நேரம் ஆகும்?
(மதுரையிலிருந்து ஒரு வாசகி)

வாம்மா. தாணிப்பாறை வனத்துறை வாசலில் பையைச் சோதித்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். பிளாஸ்டிக் பை, தீப்பெட்டி, பீடி, சிகரெட் எதுவும் இருக்கக் கூடாது. முதல் கொஞ்ச தூரம் மரநிழலில் சமதளமாகப் போகும். "இதுதானா சதுரகிரி" என்று நடையை வேகப்படுத்தத் தோன்றும். அங்கே வேகப்படுத்தாதீர்கள். மாங்கனி ஓடையைத் தாண்டியதும் வழுக்குப்பாறை வரும். பாறையிலேயே படி வெட்டியிருக்கும். அடுத்து சங்கிலிப்பாறை. இந்த மூன்று இடத்திலும் ஓடை உங்களோடுதான் இருக்கிறது. சில இடத்தில் பாதைக்குப் பக்கத்தில் ஓடும், சில இடத்தில் பாதையே ஓடைக்குள் இறங்கி மறுகரை ஏறும்.

கோணத்தலைவாசல் தாண்டினால் ஏற்றம் கடுமையாகும். கோரக்கர் குகைப் பக்கம் ஓடைப் பாறையில் குழி குழியாக இருக்கும். கோரக்கர் சித்தர் மருந்து அரைத்த குழி என்று எங்கள் ஊரில் பிள்ளைகளுக்குச் சொல்லுவோம். வெள்ளத்தோடு வரும் கூழாங்கல் ஒரே இடத்தில் சுழன்று சுழன்று பாறையைக் குடைந்தாலும் அப்படிக் குழி விழும். வகுப்பில் இரண்டையும் சொல்லித்தான் பாடம் நடத்தியிருக்கிறேன். பிள்ளைகளுக்கு இரண்டுமே பிடித்தது. அதன்பின் இரட்டை லிங்கம், நாவல் ஊற்று, பச்சரிசிப்பாறை, கடைசியாகப் பிலாவடிக் கருப்பசாமி. கருப்பசாமிக்குப் பக்கத்திலும் ஓர் ஓடை உண்டு. அதைத் தாண்டினால் கோவில் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுந்தர மகாலிங்கம் கொஞ்சம் சாய்ந்த நிலையில் இருப்பார். பச்சைமால் என்ற இடையன் கம்பால் அடித்ததால் சாய்ந்தார் என்பது கதை. இன்னும் மேலே சந்தன மகாலிங்கம்.

நேரம் என்று கேட்டால், மலைப் பழக்கம் இருப்பவர்களுக்கு மூன்று மணி நேரம், இல்லாதவர்களுக்கு ஐந்து மணி நேரம். இறங்குவதற்கும் கிட்டத்தட்ட அதே நேரத்தை ஒதுக்கிவையுங்கள். மேலே இரவு தங்க விடமாட்டார்கள். எந்தெந்த நாளில் விடுகிறார்கள், காலை எத்தனை மணிக்கு வாசல் மூடுகிறார்கள் என்பது மழையையும் காட்டுத் தீயையும் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். கிளம்புகிற அன்றுகூட ஒரு தடவை விசாரித்துவிட்டு வாருங்கள்.

எந்த மாதம் வந்தால் ஓடையில் தண்ணீரும் இருக்கும், ஆபத்தும் இருக்காது?
(ஈரோட்டு வாசகர்)

தை, மாசி. இதை யோசிக்காமலே சொல்வேன்.

காரணம் சொல்கிறேன் ஐயா. எங்கள் மலை மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவு. ஆனி, ஆடியில் கேரளப் பக்கம் கொட்டும் தென்மேற்கு மழை முகட்டைத் தாண்டி எங்கள் பக்கம் சாரலாகத்தான் வரும். எங்களுக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. அந்த இரண்டு மாதம் ஓடை கரை புரளும், பாதையை அடிக்கடி மூடிவிடுவார்கள். மார்கழியில் வடிய ஆரம்பித்து, தை பிறக்கும்போது தண்ணீர் தெளிந்து, அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம். பங்குனியில் ஓடை அங்கங்கே தேங்கிய குட்டையாகிவிடும், காடும் காய்ந்துவிடும். தீப் பயம் வந்துவிட்டால் வனத்துறை பாதையை மூடும். அப்போது கோபப்படாதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் சிக்கி உயிரிழந்தார்களே, அந்த மலையும் எங்கள் மலையும் ஒரே தொடர்தான்.

ஆடி அமாவாசைக்கு லட்சக்கணக்கில் ஜனம் வரும். சாமி கும்பிட வருகிறவர்கள் அன்றைக்கு வரட்டும். ஓடையைப் பார்க்க, பறவைச் சத்தம் கேட்க வருகிறவர்களுக்கு அந்த நாள் சரிப்படாது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "மழைக்காலம் முடிந்துவிட்டது, இனி வெள்ளம் வராது" என்று யாரும் நினைக்கக் கூடாது. 2015 மே மாதம், நல்ல கோடையில், அமாவாசைக்குக் கூடியிருந்த பக்தர்கள் இதே ஓடையில் திடீர் வெள்ளத்தில் சிக்கினார்கள். உயிர்கள் போயின. எங்கள் வட்டாரத்தில் அதைப் பேசாமல் ஒரு அமாவாசை போவதில்லை. சித்திரை, வைகாசியில் காலையில் வெயில் மண்டையைப் பிளக்கும். மதியத்துக்கு மேல் மலை முகட்டில் இடி மேகம் திரளும். அடிவாரத்தில் ஒரு சொட்டு விழாது, மேலே ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிடும். ஆகையால் கோடையில் வருகிறவர்கள் காலையில் வாசல் திறந்ததும் முடிந்த தூரம் ஏறி, மதியத்துக்கு முன்பே இறங்கப் பாருங்கள்.

வெள்ளம் வரப்போகிறது என்று ஓடையில் நிற்கிறவனுக்கு எப்படித் தெரியும்? தண்ணீர் ஓடும்போது கடப்பது எப்படி? நாங்கள் கல்லூரி மாணவர்கள், எட்டுப் பேர் வருகிறோம்.
(சென்னையிலிருந்து)

இந்தக் கேள்விக்காகத்தான் தம்பி, இந்த மாதப் பக்கத்தையே ஒத்துக்கொண்டேன். நிதானமாகப் படியுங்கள், எட்டுப் பேரும் படியுங்கள்.

மலை ஓடை ஏன் இத்தனை வேகமாக ஏறுகிறது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். மேலே பெரும்பகுதி பாறை, மண் கொஞ்சம்தான். சரிவு செங்குத்து. விழுந்த மழையை உறிஞ்ச ஆளில்லை, எல்லாம் பாறை வழியே வழிந்து ஒரே ஓடைக்குள் இறங்குகிறது. ஆற்றில் வெள்ளம் ஏற நாள் கணக்கு ஆகும் என்றால் ஓடையில் நிமிஷக் கணக்கு. நல்ல செய்தி ஒன்றும் இதிலேயே இருக்கிறது. சீக்கிரம் ஏறுவது சீக்கிரம் வடியும். மேலே மழை விட்டதென்றால் சில மணி நேரத்தில் ஓடை இறங்கிவிடும். மறுகரையில் மாட்டிக்கொண்டவர்கள் மேடான இடத்தில் பொறுமையாக உட்கார்ந்திருந்தாலே பாதி ஆபத்து போய்விடும்.

எங்கள் அப்பா சம்சாரி, அதாவது விவசாயி. மாடு மேய்க்க மலையடிவாரம் போகும் பிள்ளைகளிடம் அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "மேக்கே இருட்டிக்கிட்டு வந்தா ஓடைக்குள்ள நிக்காதே." தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கிறதா என்று பார்ப்பதில் பயனில்லை, மேற்கே முகட்டைப் பாருங்கள். முகடு மறைந்தால் அங்கே மழை.

அடுத்து தண்ணீரைப் பாருங்கள். தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது கலங்க ஆரம்பித்தால், செம்மண் நிறம் தட்டினால், காய்ந்த சருகும் சுள்ளியும் புதிதாக மிதந்து வந்தால், அது மேலே பெய்த மழையின் முதல் தண்ணீர். சத்தமும் மாறும். சலசலப்பு போய், அடியில் கல் உருளும் கனமான ஓசை வரும். நானே செய்வது ஒன்று: ஓடையோரம் உட்கார்ந்து சாப்பிடும்போது, தண்ணீர் தொடும் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கல்லை வைத்துவிடுவேன். பத்து நிமிஷம் கழித்துப் பார்ப்பேன். கல் முழுகியிருந்தால் சாப்பாட்டை மூடிவிட்டு எழுந்துவிடுவேன்.

எழுந்து எந்தப் பக்கம் ஓட வேண்டும்? கீழே ஓடக் கூடாது. பாதையோடு இறங்கி ஓடுகிறவரைத் தண்ணீர் துரத்திப் பிடித்துவிடும். பக்கவாட்டில், கரைமேல், மேடு பார்த்து ஏறுங்கள். பையை எடுக்க, செருப்பை எடுக்க, செல்போனை எடுக்க யாரும் திரும்பிப் போகக் கூடாது.

கடப்பதைப் பற்றி. வேகமாக ஓடும் தண்ணீர் முழங்காலுக்கு மேல் இருந்தால் கடக்காதீர்கள். தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது நம்மைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. இயற்பியல் படித்த பிள்ளைகளுக்குத் தெரியும், படிக்காதவர்களுக்குக் கால் சொல்லிவிடும். தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இருந்தால் இடம் பார்த்துக் கடக்கலாம். குறுகலான இடத்தில் ஒரே எட்டில் தாண்டிவிடலாம் என்று ஆசை வரும். குறுகினால் ஆழமும் வேகமும் கூடும். அகலமாகப் பரந்து, அடி தெரியும் இடத்தில் இறங்குங்கள். அந்த இடத்துக்குக் கீழே பாறைச் சரிவோ அருவியோ இருந்தால் அந்த இடமே வேண்டாம். செருப்பு, ஷூவைக் கழற்றாதீர்கள். பையின் மார்பு வாரையும் இடுப்பு வாரையும் அவிழ்த்துவிட்டு, விழுந்தால் உதறிவிடுகிற மாதிரி தோளில் மட்டும் மாட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நின்று, கம்பை முன்னால் ஊன்றி, பக்கவாட்டில் ஒவ்வொரு அடியாக நகருங்கள். ஒரு கால் உறுதியாக ஊன்றிய பின்தான் மறு கால். கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்குவது வேண்டவே வேண்டாம். விழுந்தால் அந்தக் கயிறே தண்ணீருக்குள் அழுத்திப் பிடித்துவிடும். தீயணைப்புத் துறையினர் கயிறு கட்டி ஆட்களைக் கடத்துவதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு அதில் பயிற்சி இருக்கிறது.

எட்டுப் பேரில் ஒருவர் "வேண்டாம்" என்று சொன்னாலும் எட்டுப் பேரும் நிற்க வேண்டும். இதைக் கிளம்புவதற்கு முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். செல்போனில் சிக்னல் கிடைக்கும் என்று நம்பி எதையும் திட்டமிடாதீர்கள், பாதையில் பல இடத்தில் கிடைக்காது.

அம்மாவுக்கு 62 வயது. முழங்கால் வலி உண்டு. சதுரகிரி போக வேண்டும் என்பது அவர் ஆசை. கூட்டி வரலாமா?
(திண்டுக்கல் வாசகி)

ஆசையை மறுக்க மனசு வராது, தெரியும் தாயி. முதலில் மருத்துவரிடம் காட்டி, இருதயம், ரத்த அழுத்தம், சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடுங்கள். ஏற்றத்தில் மாரடைப்பு வந்தால் கீழே கொண்டுவர டோலிதான் வழி. மணிக்கணக்கு ஆகிவிடும்.

மருத்துவர் சரி என்றால் ஒரு மாதம் முன்பிருந்தே அம்மாவைத் தினமும் நடக்கவும் மாடிப்படி ஏறி இறங்கவும் பழக்குங்கள். முழங்காலைப் படுத்துவது ஏற்றத்தைவிட இறக்கம்தான். ஏறும்போது மூச்சு வாங்கும், உட்கார்ந்தால் சரியாகிவிடும். இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் உடம்பின் பாரம் முழங்காலில் இறங்குகிறது. அடியைச் சின்னதாக வைக்கச் சொல்லுங்கள். இரண்டு கையிலும் கம்பு கொடுங்கள். உயரமான படியில் பக்கவாட்டாகத் திரும்பி இறங்கட்டும்.

முடியவில்லை என்றால் வழுக்குப்பாறைக்கு முன்பே, ஓடையோரம் நிழலில் உட்கார்ந்து, கொண்டுவந்ததைச் சாப்பிட்டு, மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்புங்கள். எங்கள் பாட்டி கடைசிக் காலத்தில் அப்படித்தான் கும்பிட்டார்.

ஓடைத் தண்ணீர் மூலிகைத் தண்ணீர், அப்படியே குடிக்கலாம் என்கிறார்களே?
(கரூர் வாசகர்)

மூலிகை வேர்களைத் தொட்டு வருகிறது, உண்மைதான். யானைச் சாணத்தையும் மனிதக் கழிவையும் தொட்டுத்தான் வருகிறது. அமாவாசை, பௌர்ணமிக்கு ஆயிரக்கணக்கான பேர் ஏறும் பாதைக்குப் பக்கத்தில் ஓடும் தண்ணீர் அது. கண்ணாடியாகத் தெளிந்திருப்பதால் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. வயிற்றுப்போக்கும் எலிக்காய்ச்சலும் தரும் கிருமி கண்ணுக்குத் தெரியாது.

ஆளுக்கு இரண்டு, மூன்று லிட்டர் எவர்சில்வர் பாட்டிலில் கொண்டு போங்கள். தீர்ந்துவிட்டால் ஓடைத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, குளோரின் மாத்திரை போட்டு அரை மணி நேரம் வைத்துக் குடியுங்கள். காட்டுக்குள் தீ மூட்டித் தண்ணீர் காய்ச்சக் கூடாது. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டு ஏறினால் உப்பு குறைந்து தலை சுற்றும். உப்புப் போட்ட மோர், எலுமிச்சைச் சாறு, கடலை மிட்டாய் போதும். கடலை மிட்டாய் எங்கள் கரிசல் பூமியின் சொத்து, வாங்கிக்கொண்டு ஏறுங்கள்.

டீச்சர், நான் ஏழாம் வகுப்பு படிக்கிறேன். சதுரகிரியில் பெரிய அணில் இருக்கிறதாமே? என்னென்ன பார்க்கலாம்?
(சிவகாசியிலிருந்து ஒரு மாணவி)

கண்ணு, அந்த அணிலுக்காகத்தான் எங்கள் மலையையே சரணாலயமாக அறிவித்தார்கள். நரை அணில், அல்லது சாம்பல் நிற மலை அணில் என்பார்கள். 1988-இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் அதற்கென்று சரணாலயம் வந்தது. 2021-இல் மேகமலையையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். இரண்டும் சேர்ந்து 1,016 சதுர கிலோமீட்டர். நீ நடக்கும் இடம் புலியின் வீடு என்பதை நினைவில் வைத்துக்கொள்.

வீட்டு அணிலைவிடப் பல மடங்கு பெரிசு. வாலே உடம்பு நீளத்துக்கு இருக்கும். மரத்துக்கு மரம் தாவித்தான் போகும், தரையில் இறங்குவது அபூர்வம். ஓடைக்கரையில் மரங்கள் உயரமாக, கிளையோடு கிளை தொட்டு நிற்பதால் ஓடைக்கரை அதற்கு நல்ல வசதி. புளி, மா, நாவல், அத்தி இருக்கும் இடத்தில் அண்ணாந்து பார். மேல் கிளையில் இலையும் குச்சியும் சேர்த்துக் கட்டிய பெரிய கூடு தெரிந்தால் அங்கேயே பேசாமல் நில். கடித்துப்போட்ட பழத்தோல் உன் காலடியில் விழுந்தால் ஆள் மேலே இருக்கிறது என்று அர்த்தம்.

உன் வயதில் நான் பார்த்து மயங்கிய இன்னொன்றையும் சொல்கிறேன். தண்ணீர் மெல்ல ஓடும் இடத்தில், உள்ளங்கை அளவு கல் ஒன்றை மெதுவாகத் திருப்பிப் பார். அடியில் அரை விரல் நீளத்தில் மணல் குழாய் ஒட்டிக்கொண்டிருக்கும். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு மணலும் பொறுக்கி எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் பதித்தது தெரியும். ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை, ஒன்று மினுக்கும் காக்காப்பொன். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தாயானால் குழாயின் ஒரு முனையிலிருந்து குட்டித் தலையும் ஆறு காலும் வெளியே வரும். அது ஒரு பூச்சியின் புழு. தன் வாயிலிருந்து வரும் பட்டு நூலால் மணலை ஒட்டித் தனக்கு வீடு கட்டிக்கொள்கிறது. வளர்ந்ததும் சிறகு முளைத்துப் பறந்துவிடும். அழுக்குத் தண்ணீரில் இந்த வகைப் பூச்சிகளில் பலவும் பிழைக்காது. ஆகையால் மணல் குழாய் நிறைய இருக்கிற ஓடை நல்ல ஓடை என்று தெரிந்துகொள். பார்த்த பின் கல்லை எடுத்த மாதிரியே திரும்ப வைத்துவிடு, அடியில் குடும்பமே இருக்கிறது.

ஓடையில் குளித்து, பழைய துணியை அங்கேயே விட்டுவந்தால் பாவம் தொலையும் என்பது காலம்காலமாக வரும் நம்பிக்கை. அந்த வழக்கத்தைக் கைவிடச் சொல்லி எழுதியிருந்தீர்களே, சரியா?
(தேனி வாசகர்)

ஐயா, உங்கள் நம்பிக்கையை நான் மதிக்கிறேன். நானும் அந்தச் சாமியைக் கும்பிடுகிறவள்தான். ஆனால் உங்கள் தாத்தா விட்டுவந்தது பருத்தி வேட்டி. அது சில மாதத்தில் மக்கி மண்ணோடு போனது. இன்றைக்கு விடுவது பாலியெஸ்டர் சேலை, நைலான் பனியன். அவை மக்குவதில்லை. பாறை இடுக்கிலும் மர வேரிலும் சுற்றிக்கொண்டு, மேலே சருகு சேர்ந்து, ஓடையை அடைக்கின்றன. காட்டுப் பணிக்குப் போகும், இந்த மலைப் பழங்குடிகளான பளியர் வீட்டுப் பிள்ளைகள் அந்தத் துணியை இழுத்து இழுத்துக் கட்டாகக் கட்டிக் கீழே தூக்கி வந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நம் பாவத்தை இன்னொருத்தர் வீட்டுப் பிள்ளை சுமந்து இறக்குகிறது. எனக்கு அது பொறுக்கவில்லை.

சோப்பும் ஷாம்பூவும் அப்படித்தான். மேலே சிவகாசி மாணவிக்கு எழுதினேனே, அந்த மணல் வீட்டுப் புழுவுக்கும், தவளைக்குஞ்சுக்கும், மீன்குஞ்சுக்கும் அந்த நுரை ஆகாது. இந்த ஓடைத் தண்ணீர் எங்கே போகிறது என்றும் நினைத்துப் பாருங்கள். மலை இறங்கி வத்திராயிருப்பு வட்டாரக் கண்மாய்களுக்கும் வயலுக்கும் பாய்கிறது. மீதி அர்ச்சுனா நதியோடு வைப்பாற்றில் கலந்து தூத்துக்குடி மாவட்டத்தில் கடலுக்குப் போகிறது. மேலே நீங்கள் குளிக்கும் தண்ணீரில்தான் கீழே நாங்கள் நெல் விளைவிக்கிறோம்.

குளியுங்கள், முங்கி எழுங்கள், ஈரத் துணியைப் பிழிந்து பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டு போங்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. அப்படியிருந்தும் ஓடையில் பாக்கெட் உறைகள் கிடக்கின்றன. வாசலில் சோதிக்கிறவர் எத்தனை பையைத்தான் பார்ப்பார்?

கருநெல்லி, உரோம விருட்சம், ஜோதிப்புல் போன்ற அபூர்வ மூலிகைகள் எல்லாம் சதுரகிரியில் இருக்கிறதாமே? தாவரவியல் டீச்சர் என்பதால் கேட்கிறேன், எந்த இடத்தில் கிடைக்கும்?
(சேலம் வாசகர்)

இடம் தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். புலிகள் காப்பகத்துக்குள் ஒரு செடியைப் பிடுங்குவது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதைவிட எனக்குப் பெரிய கவலை, தெரியாத இலையை வாயில் போடுவது. எங்கள் காட்டில் எட்டியும் இருக்கிறது. பார்க்க ஆரஞ்சுப் பழமாக அழகாக இருக்கும். அதன் விதையில் இருக்கும் நஞ்சு ஆளைக் கொன்றுவிடும். வழியில் யாராவது "இது சித்தர் மூலிகை, மென்று பாருங்கள்" என்று கொடுத்தால் கும்பிட்டுவிட்டு மறுத்துவிடுங்கள்.

பார்த்து ரசிக்க நிறைய இருக்கிறது. ஓடைக்கரையில் வெளிர்பட்டையோடு ஓங்கி நிற்கும் நீர்மருது ஒன்று போதும், ஒரு நாள் முழுக்கப் பார்க்கலாம். மேல்பட்டை ஏடு ஏடாக உரிந்து, அடியில் இளஞ்சிவப்பு தெரியும். உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், கொளுத்துகிற வெயிலிலும் குளுமையாக இருக்கும்.

செருப்பா, ஷூவா, வெறுங்காலா?
(பலர்)

வேண்டுதல் இருப்பவர்கள் வெறுங்காலில் ஏறுகிறார்கள், அது அவரவர் விருப்பம். மற்றவர்களுக்கு, ரப்பர் அடியுள்ள, ஏற்கெனவே கால் பழகிய ஷூ. பயணத்துக்கென்று புதிது வாங்கிப் போடாதீர்கள், கொப்புளம் வந்துவிடும். எந்த ஷூ போட்டாலும் ஓடைப் பாறையில் பச்சையும் கறுப்புமாக மினுமினுக்கும் இடத்தில் கால் வைக்கக் கூடாது. அது எண்ணெய் தடவிய தோசைக்கல். காய்ந்து, சொரசொரப்பாக, வெளுத்துத் தெரியும் இடமாகப் பார்த்து, பாதம் முழுக்கப் பதித்து வையுங்கள்.

அருவிக் குழியில் பையன்கள் மேலிருந்து குதிக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளும் கேட்கிறார்கள்.
(விருதுநகர் வாசகி)

விடாதீர்கள். சென்ற வருஷம் ஆள் ஆழம் இருந்த குழி, இந்த வருஷம் வெள்ளம் கொண்டுவந்த மணலாலும் கல்லாலும் இடுப்பளவு ஆகியிருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஓரத்தில் உட்கார்ந்து காலை நனைக்கட்டும். சின்ன மீன்கள் வந்து பாதத்தைக் கொத்தும், பிள்ளைகளுக்கு அதுவே பெரிய சந்தோஷம்.

கோவில் கூட்டம் வேண்டாம். காட்டு ஓடையோரம் அமைதியாக நடக்க வேறு இடம் சொல்லுங்கள்.
(கோவை வாசகர்)

2024 அக்டோபரில் தமிழக அரசு மலையேற்றத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். இணையத்தில் பதிவு செய்ய வேண்டும், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். எளிது, நடுத்தரம், கடினம் என்று பாதைகளைப் பிரித்திருக்கிறார்கள். உங்கள் கோவை மாவட்டத்துப் பாதைகளும் அதில் உண்டு, எங்கள் விருதுநகர் மாவட்டத்துப் பாதைகளும் உண்டு. அனுமதியில்லாமல் யாரோ ஒரு குழுவோடு காட்டுக்குள் நுழைவதற்கு இது எவ்வளவோ மேல். வழிகாட்டியாக வருகிறவருக்கு அந்த வருமானம் அவர் காட்டைக் காப்பதற்கும் ஒரு காரணமாகிறது. அவரிடம் நிறையக் கேளுங்கள். நான் புத்தகத்தில் படித்த செடிகளை அவர்கள் மணத்தை வைத்தே சொல்லுவார்கள்.

காட்டில் யானை, கரடி எதிரே வந்தால்?
(தஞ்சாவூர் வாசகர்)

விடியலிலும் அந்தியிலும் அவை தண்ணீர் குடிக்க ஓடைக்கு வரும். அந்த நேரத்தில் நீங்கள் ஓடையில் இல்லாமல் இருப்பதுதான் முதல் பாதுகாப்பு. தனியாக நடக்காதீர்கள். சாணம் புதிதாக, ஈரமாகக் கிடந்தால் முன்னே போகாமல் வனத்துறையினருக்குச் சொல்லுங்கள். யானையைப் பார்த்தால் படம் எடுக்க நிற்காமல், சத்தம் போடாமல், வந்த வழியே பின்வாங்குங்கள்.

பஸ் வசதி உண்டா?
(காஞ்சிபுரம் வாசகர்)

உண்டு. ரயிலில் வருகிறவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி வத்திராயிருப்புக்குப் பஸ் பிடியுங்கள். மதுரையிலிருந்து வந்தால் தே. கல்லுப்பட்டி வழியாகக் கிருஷ்ணன்கோவிலில் இறங்கி வத்திராயிருப்பு. அங்கிருந்து தாணிப்பாறைக்கு டவுன் பஸ்ஸும் ஆட்டோவும் இருக்கின்றன. அமாவாசை, பௌர்ணமிக்குச் சிறப்புப் பஸ்கள் விடுவார்கள். முந்தின இரவே ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கி, விடியற்காலை முதல் பஸ்ஸில் வந்துவிட்டால் வெயிலுக்கு முன் சங்கிலிப்பாறையைத் தாண்டிவிடலாம். திரும்பும்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்க மறக்காதீர்கள், டப்பாவை மட்டும் வீட்டிலிருந்து கொண்டு வாருங்கள்.